பக்கத்து வீட்டுக் கூரை

அன்புள்ள அண்ணனுக்கு,

மார்த்தாண்டம் பக்கம் ஒரு சபையின் வாலிபர் சங்கத்தில் இருக்கிறேன். நாங்கள் பதினெட்டுப் பேர். ஜூன் மழைக்கு முன்னால் தனியாக இருக்கும் வயதானவர்களின் வீடுகளில் உடைந்த ஓட்டை மாற்றினோம், முற்றத்துப் புல்லைச் செத்தினோம், கிணற்றுச் சுவரைப் பூசினோம். இரண்டு சனிக்கிழமைகளில் ஆறு வீடு. கிறிஸ்தவர், இந்து என்று பார்க்கவில்லை. ஆனால் சபைக்கு அடுத்த வீட்டுப் பாட்டி மட்டும் "வேண்டாம் மக்களே, இருக்கட்டும்" என்று கேட்டை அடைத்துவிட்டார். அவர் வீட்டுக் கூரைதான் எல்லாவற்றிலும் மோசம். ஊர்க் கொத்தனார் ஒருவர் வேறு, "நீங்க சும்மா செய்து குடுத்தா நாங்க எங்க போக?" என்று போதகரிடமே கேட்டுவிட்டார். சங்கத்தில் பலர் சோர்ந்துபோய் இருக்கிறார்கள். நாங்கள் செய்ததில் என்ன தவறு அண்ணா?

ஒரு வாசகர்

அன்புள்ள தம்பி,

உங்கள் கடிதத்தை இரண்டு முறை படித்தேன். பாட்டியும் கொத்தனாரும் உங்களைக் குறை சொன்னதாக நான் நினைக்கவில்லை. எங்களுக்கு யாரும் சொல்லித்தராத ஒன்றை உங்களுக்குச் சொல்லியிருக்கிறார்கள்.

எனக்குப் பத்தொன்பது வயதில் நாங்கள் ஏழு பேர் ஒரு பாட்டியின் வீட்டில் ஓடு மாற்றினோம். உடைந்திருந்தது பத்துப் பன்னிரண்டு ஓடு. கூரைமேல் எங்கே கால் வைப்பது என்று எங்களில் ஒருவருக்கும் தெரியாது. கூரையைத் தாங்கும் கழுக்கோல் போகும் வரிசையில் பலகை போட்டு அதன்மேல்தான் நடக்கவேண்டும். நாங்கள் ஓட்டின் நடுவில் மிதித்து ஏறினோம். மயிரிழைபோலக் கீறல் விழுந்தால் கீழே நிற்பவர் கண்ணுக்குத் தெரியாது. வேலை முடிந்து ஜெபம் செய்து, அவர் போட்டுக் கொடுத்த சுக்குக்காப்பியைக் குடித்துவிட்டு வந்தோம். அடுத்த ஞாயிறு ஆராதனையில் எங்களை எழுந்து நிற்கச் சொல்லிப் பாராட்டினார்கள்.

ஐப்பசி மழையில் அந்த வீட்டில் பழைய இடத்தில் ஒழுகவில்லை. புதிதாக நான்கு இடத்தில் ஒழுகியது. அவர் கட்டிலை அங்கும் இங்கும் இழுத்துப் பார்த்துவிட்டு, கடைசியில் அடுக்களையில் உட்கார்ந்தே இரவைக் கழித்திருக்கிறார். "பிள்ளைகள் ஆசையா செய்தது, சொன்னா சங்கடப்படும்" என்று எங்களிடம் சொல்லவில்லை. அடுத்த வருடம்தான் வேறு ஒருவர் வழியாக என் காதுக்கு வந்தது. மழைக்குப் பிறகு நாங்கள் யாரும் அந்தப் பக்கம் போய்ப் பார்க்கவில்லை. முப்பது வருடம் ஆகிறது, இன்றும் இரவில் மழை கனத்தால் அந்த அடுக்களை நினைவுக்கு வருகிறது.

அதனால் கொத்தனாரிடமிருந்து தொடங்குகிறேன். அவரிடம் போய், "அண்ணே, கூரை வேலைக்கு நீங்கதான் தலைமை, நாங்க கையாள்" என்று சொல்லுங்கள். அவருடைய அன்றைய கூலியை, ஒரு ரூபாய் குறையாமல், சங்கத்திலிருந்து கொடுங்கள். ஓடு ஒழுகினால் ஓடு உடைந்திருக்கவேண்டும் என்பதில்லை. ஓட்டில் தண்ணீர் ஓடும் சாலில் இலை அடைத்திருக்கலாம், ஓட்டைத் தாங்கும் ரீப்பர் சட்டத்தைக் கரையான் தின்று ஓடு சறுக்கியிருக்கலாம், கூரை உச்சியில் இருக்கும் மோட்டு ஓட்டின் பூச்சு வெடித்திருக்கலாம். அவர் அண்ணாந்து பார்த்தே சொல்லிவிடுவார். உங்களில் நாலு பேர் அவரிடம் அந்த வேலையைக் கற்றுக்கொண்டால் இன்னும் நல்லது.

மாற்றிய பழைய ஓடு ஏதாவது கிடந்தால் திருப்பிப் பாருங்கள். பெரும்பாலும் ஆலையின் பெயரும் ஊரும் அதில் அச்சாகியிருக்கும். மங்களூர் ஓடு என்று நாம் சொல்வதை 1865ல் மங்களூரின் ஜெப்புப் பகுதியில் செய்யத் தொடங்கியது சுவிட்சர்லாந்திலிருந்து வந்த பாசல் மிஷன் என்ற கிறிஸ்தவ ஊழிய அமைப்பு. அந்த ஆலையை அமைத்தவர் ஜார்ஜ் பிளெப்ஸ்ட். மதம் மாறியதால் சொந்த சாதியும் பிழைப்பும் கைவிட்டுப் போனவர்கள் கூலி வாங்கி வாழவேண்டும் என்பது அந்த மிஷன் ஆலை வைத்ததற்கு ஒரு பெரிய காரணம். ஒரு திருச்சபை மனிதர்களுக்குக் கூலி கிடைக்கட்டும் என்று சுடத் தொடங்கிய ஓடு நம் கூரையில் கிடக்கிறது. அதை மாற்றும்போது ஒருவருடைய கூலி போகக்கூடாது அல்லவா?

இனி பாட்டி. தம்பி, அது அவருடைய வீடு. ஒழுகினாலும் அவருடைய வீடு. உள்ளே எது எப்படிக் கிடக்கிறது என்று பதினெட்டுப் பையன்கள் பார்ப்பது அவருக்குக் கூச்சமாக இருக்கலாம். தூரத்தில் இருக்கும் பிள்ளைகளுக்குக் குறைச்சலாகிவிடும் என்று நினைக்கலாம். "சபைக்கு வா என்று நாளைக்குக் கூப்பிடுவார்களோ" என்ற பயமும் இருக்கலாம். அந்தப் பயத்தை நாம் குற்றம் சொல்ல முடியாது. உங்கள் மனதில் அது இல்லை என்பது உங்களுக்குத் தெரியும், அவருக்கு எப்படித் தெரியும்?

1920ல் பியர் செரெசோல் என்ற சுவிஸ் பொறியாளர் ஒரு சிறு குழுவோடு பிரான்சில் வெர்டன் அருகே ஒரு கிராமத்துக்குப் போனார். முதல் உலகப்போர் அழித்த வீடுகளைச் சரிசெய்து கொடுப்பது நோக்கம். குழுவில் ஜெர்மானியர்களும் இருந்தார்கள். தங்கள் ஊரை அழித்த நாட்டின் ஆட்கள் என்று எதிர்ப்பு எழுந்தது. சில மாதங்களில் அவர்கள் கிளம்பவேண்டி வந்தது. ஆனால் செரெசோல் அந்த வேலையை விடவில்லை. 1934 பீகார் நிலநடுக்கத்துக்குப் பிறகு இந்தியாவுக்கு வந்து, அங்கே வீடு இழந்தவர்களுக்கு ஊர் அமைக்கும் வேலையில் தோழர்களோடு மண் சுமந்தார். வெர்டன் கிராமத்தவர்மேல் எனக்குக் கோபம் வரவில்லை. வேண்டாம் என்று சொல்லும் உரிமை அவர்களுக்கு இருந்தது.

பாட்டியை வற்புறுத்தாதீர்கள். முதலில் நீங்கள் அவரிடம் ஒன்று கேளுங்கள். பக்கத்தில் வேலை செய்யும்போது ஒரு குடம் தண்ணீர், அல்லது மாங்காய் பறிக்கும் தோட்டிக் கம்பு. வாங்கியதைத் திருப்பிக் கொடுக்கப் போகும்போது கொஞ்சம் பேசிவிட்டு வாருங்கள். உங்களுக்கு ஏதாவது கொடுத்தவருக்கு உங்களிடம் வாங்குவது அவ்வளவு பாரமாக இருக்காது. அப்படியும் அவர் கூப்பிடாமல் இருந்தால் இருக்கட்டும்.

முற்ற வேலையிலும் இதே கதைதான். களை என்று நீங்கள் செத்தி எறிவது அவர்கள் பார்த்து வளர்த்த கீழாநெல்லியாகவோ ஆடாதோடையாகவோ இருக்கும். எதை விடவேண்டும் என்று கேட்டுவிட்டு மண்வெட்டியை எடுங்கள். பேனர் வேண்டாம். வீட்டுக்காரரை நிறுத்திப் புகைப்படம் எடுப்பதும் வேண்டாம். அந்தப் படம் அவர் பேரப்பிள்ளைகளின் செல்போனுக்குப் போய்ச் சேரும்.

முடித்த ஆறு வீட்டையும் மறந்துவிடாதீர்கள். முதல் பெருமழை இரவில் பெய்தால், மறுநாள் விடிந்ததும் ஆறு வீட்டுக்கும் போங்கள். "நல்லா இருக்கு மக்களே" என்றுதான் சொல்வார்கள். நம்பிவிடாதீர்கள், கட்டில் எந்த மூலையில் கிடக்கிறது என்று பாருங்கள். போகும்போது கொத்தனாரையும் ஏணியையும் கையோடு கூட்டிச் செல்லுங்கள்.

அன்புடன்,
அண்ணன்