ரூட்டர் மாட்டியாச்சு, அப்புறம்? – கேள்வி பதில்

சேலம் சுற்றுவட்டாரத்தில் வீடு, கடை, பட்டறை என்று நெட்வொர்க் போட்டுக் கொடுப்பது என் தொழில். முதல்முறை ரூட்டர் வைப்பவர்கள் கேளுங்கள் என்று சொல்லியிருந்தேன். வந்தவற்றில் என் வேலைக்குள் வரும் கேள்விகளை எடுத்திருக்கிறேன். எந்த கம்பெனி பிளான் மலிவு என்று கேட்டவர்கள் பக்கத்து வீட்டில் விசாரியுங்கள்; உங்கள் தெருவில் எந்த லைன் ஒழுங்காக வருகிறது என்பது அவர்களுக்குத்தான் தெரியும்.

அஸ்தம்பட்டி: அண்ணா, நேத்துதான் ஃபைபர் லைன் போட்டாங்க. லைன்மேன் வைஃபை பேரும் பாஸ்வேர்டும் எழுதிக் கொடுத்துட்டுப் போயிட்டார். இதுக்கு மேல நாங்க ஏதாவது செய்யணுமா?

கட்டாயம் செய்யணும்மா. ரூட்டருக்கு இரண்டு பாஸ்வேர்ட் உண்டு. ஒன்று, போனை வைஃபையில் சேர்க்க. இன்னொன்று, ரூட்டரின் செட்டிங்ஸுக்குள் நுழைய. லைன்மேன் எழுதிக் கொடுத்தது முதலாவது. இரண்டாவதைப் பற்றிப் பெரும்பாலும் யாரும் பேசுவதில்லை, ஆனால் பிடி முழுக்க அதில்தான் இருக்கிறது. அது தெரிந்தவர் உங்கள் வைஃபை பாஸ்வேர்டை மாற்றலாம். தளத்தின் பெயரை அதன் எண் முகவரியாக மாற்றித் தரும் டிஎன்எஸ் என்ற அமைப்பைத் திருப்பிவிட்டு, நீங்கள் ஒரு தளத்தின் பெயரைத் தட்டும்போது வேறு எங்கோ கொண்டுபோய் நிறுத்தலாம்.

ரூட்டரைத் திருப்பி அடியில் பாருங்கள். ஒரு ஸ்டிக்கர் இருக்கும். அதில் 192.168.1.1 அல்லது 192.168.0.1 மாதிரி ஒரு எண்ணும், யூசர் நேம், பாஸ்வேர்ட் என்று இரண்டு வரியும் இருக்கும். பல ரூட்டர்களில் இரண்டுக்குமே அட்மின் என்றுதான் அச்சடித்திருப்பார்கள். வைஃபையில் இருந்துகொண்டே அந்த எண்ணை பிரவுசரின் மேல்பட்டையில் தட்டினால் உள்ளே போகலாம். முதல் வேலை, அந்த அட்மின் பாஸ்வேர்டை மாற்றுவது. அடுத்து வயர்லெஸ் பக்கத்தில் பாதுகாப்பு முறை டபிள்யூபிஏ2 அல்லது டபிள்யூபிஏ3 என்று இருக்கிறதா பாருங்கள். டபிள்யூஇபி என்று இருந்தால் உடனே மாற்றுங்கள், அது 2001-லேயே உடைந்துபோன முறை. டபிள்யூபிஎஸ் (பாஸ்வேர்ட் அடிக்காமல் சேரும் வசதி), ரிமோட் மேனேஜ்மென்ட் (வெளியிலிருந்து ரூட்டர் செட்டிங்ஸுக்குள் நுழையும் வசதி) இரண்டையும் அணைத்துவிடுங்கள். ஃபர்ம்வேர், அதாவது ரூட்டருக்குள் ஓடும் மென்பொருளுக்கு அப்டேட் இருந்தால் போடுங்கள், நடுவில் கரண்ட் போகாத நேரமாகப் பார்த்து. புது பாஸ்வேர்டை நோட்டில் எழுதி வைப்பதில் தப்பே இல்லை. வீட்டுக்குள் இருக்கும் நோட்டை வெளியூர்க்காரன் படிக்க முடியாது.

ஒரே எச்சரிக்கை. பின்பக்க ரீசெட் ஓட்டையில் குண்டூசியை விடாதீர்கள். பல இணைப்புகளில் கம்பெனி லைனில் ரூட்டர் நுழைய அவர்கள் கொடுத்த பிபிபிஓஇ யூசர் நேமும் பாஸ்வேர்டும் ரூட்டருக்குள்தான் இருக்கும். ரீசெட் செய்தால் அதுவும் அழிந்து, லைன்மேன் திரும்ப வரும்வரை நெட் இருக்காது.

சூரமங்கலம்: எங்க வீட்டு வைஃபை பாஸ்வேர்ட் என் மொபைல் நம்பர். பத்து இலக்கம், போதுமில்லையா?

போதாது. நம் ஊரில் பாதி வீட்டில் இதுதான் பாஸ்வேர்ட், அதனால் கணக்கைச் சொல்கிறேன். மொபைல் நம்பர் 6, 7, 8, 9 இவற்றில் ஒன்றில்தான் தொடங்கும். ஆக மொத்தம் 400 கோடி நம்பர். உங்கள் போன் வைஃபையில் சேரும் நொடியில் நடக்கும் பரிமாற்றத்தைத் தெருவில் நின்று பதிவு செய்துகொண்டால், மீதியை வீட்டில் உட்கார்ந்து செய்யலாம். நல்ல கிராஃபிக்ஸ் கார்டு ஒன்று நொடிக்குப் பல லட்சம் பாஸ்வேர்டுகளைச் சோதித்துவிடும். சில மணி நேரத்தில் கதை முடிந்தது. உங்கள் நம்பர் தெரிந்த ஆளுக்கு அந்தச் சிரமம்கூட இல்லை.

சம்பந்தமே இல்லாத நான்கு தமிழ்ச் சொற்களை ஆங்கில எழுத்தில் சேர்த்து எழுதுங்கள். மாங்காய், லாரி, கொலுசு, திங்கட்கிழமை என்பது போல. 63 எழுத்துவரை இடம் இருக்கிறது. இதே நான்கை யாரும் எடுத்துவிடாதீர்கள்.

தாதகாப்பட்டி: ரூட்டர்ல 5ஜி-ன்னு ஒரு பேர் வருது. என் போன் 4ஜி தான். சேருமா?

அது 5 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசை. செல்போன் 5ஜிக்கும் அதற்கும் சம்பந்தம் இல்லை. போன் பட்டியலில் அந்தப் பெயர் தெரிந்தாலே சேரும்.

ஏற்காடு: ஏரிக்குப் பக்கத்துல ஹோம்ஸ்டே நடத்துறேன் சார். பழைய பங்களா, கல் சுவர். வர்ற விருந்தாளிங்க எல்லாரும் வைஃபை கேக்குறாங்க. பாஸ்வேர்ட் இல்லாம திறந்து விட்டுடலாமான்னு யோசிக்கிறேன்.

திறந்து விடாதீர்கள் சார். 2008 ஜூலையில் அகமதாபாத் குண்டுவெடிப்புக்குச் சில நிமிடம் முன்னால் ஊடகங்களுக்கு ஒரு மின்னஞ்சல் போனது. போலீஸ் தேடிப் போய்ச் சேர்ந்த இடம், நவி மும்பையில் குடியிருந்த ஒரு அமெரிக்கரின் வீட்டு வைஃபை. பூட்டு இல்லாத அவருடைய இணைப்பை வேறு யாரோ பயன்படுத்தியிருந்தார்கள். வெளியே இருந்து பார்த்தால் தெரிவது உங்கள் இணைப்பின் முகவரி மட்டும்தான். பயன்படுத்திய ஆள் யார் என்று அதில் எழுதியிருக்காது.

கெஸ்ட் நெட்வொர்க் என்று ரூட்டரிலேயே ஒரு வசதி இருக்கும். அதைத் தனிப் பெயரில், தனி பாஸ்வேர்டோடு போடுங்கள். விருந்தாளியின் போனுக்கு இணையம் கிடைக்கும், உங்கள் பில்லிங் கம்ப்யூட்டரும் கேமராவும் கண்ணில் படாது. பாஸ்வேர்டைச் சீசனுக்கு ஒருமுறையாவது மாற்றி, க்யூஆர் கோடாக அச்சடித்து அறையில் வைத்துவிடுங்கள். கல் சுவருக்குப் பெரிய ஆன்டெனா தீர்வு இல்லை. லேன் கேபிள் இழுத்து அந்தப் பக்கம் ஒரு அக்சஸ் பாயின்ட், அதாவது அங்கிருந்து வைஃபை தரும் பெட்டி வையுங்கள். கேட்டீர்களா தெரியவில்லை, அட்மின் பாஸ்வேர்டையும் மாற்றுங்கள். அறை அறையாகத் தங்குகிறவர்கள் அடி ஸ்டிக்கரைப் படிக்க ஒரு நிமிடம் போதும்.

செவ்வாய்ப்பேட்டை: வெள்ளிக் கொலுசுப் பட்டறை. கேமராவை வீட்ல இருந்து பாக்கணும்னு கேமரா போட்டவர் ரூட்டர்ல ஏதோ போர்ட் திறந்து விட்டிருக்கார். ஆபத்தா?

கேமரா பாஸ்வேர்ட் மாற்றாமல் இருந்தால், ஆபத்துதான். 2016-இல் மிராய் என்று ஒரு நிரல் கிளம்பியது. 60 சொச்சம் ஆயத்த யூசர் நேம், பாஸ்வேர்ட் ஜோடிகளை வைத்துக்கொண்டு, இணையத்தில் திறந்து கிடந்த கேமராக்களையும் ரூட்டர்களையும் தட்டிப் பார்த்ததுதான் அதன் சாமர்த்தியம். அப்படிப் பிடித்த ஏராளமான கருவிகளை வைத்து, அந்த ஆண்டு அக்டோபர் 21 அன்று டைன் என்ற டிஎன்எஸ் நிறுவனத்தைத் தாக்கினார்கள். ட்விட்டர், நெட்ஃபிளிக்ஸ் எல்லாம் அமெரிக்காவில் மணிக்கணக்கில் தடுமாறின. கருவிகளின் சொந்தக்காரர்களில் பெரும்பாலோருக்குத் தங்கள் கேமரா அதில் இருந்ததே தெரியாது.

உங்களிடம் இருப்பது வெள்ளி. பட்டறையில் யார் எப்போது இருக்கிறார் என்பது வெளியாள் கண்ணில் படவே கூடாது. வெளியிலிருந்து கேமராவுக்கு நேராக வர அவர் திறந்த வழியை, அதாவது போர்ட் ஃபார்வர்டிங்கை எடுத்துவிடச் சொல்லுங்கள். யூபிஎன்பி என்பதையும் அணையுங்கள், அது உங்களைக் கேட்காமல் கதவைத் திறக்கும். கேமரா கம்பெனியின் செயலி வழியாகப் பார்க்கலாம், வலுவான பாஸ்வேர்ட் போட்டு.

ஃபேர்லேண்ட்ஸ்: வைஃபை பேரை மறைச்சு வச்சிருக்கேன், மேக் ஃபில்டரும் போட்டிருக்கேன். பாஸ்வேர்ட் சின்னதுதான். போதும்தானே?

இரண்டுமே பாதுகாப்பு இல்லை. பெயரை மறைத்தால் ரூட்டர் தானாகப் பெயர் சொல்லாது, அவ்வளவுதான். உங்கள் போன் சேரும்போது பெயர் காற்றில் அப்படியே போகிறது. மேக் எண் என்பது ஒவ்வொரு கருவியின் அடையாள எண், பட்டியலில் உள்ள எண்களை மட்டும் சேர்ப்பது மேக் ஃபில்டர். அந்த எண்ணும் காற்றில் அப்படித்தான் போகிறது, பார்த்து நகல் எடுத்துக்கொள்ளலாம். பாஸ்வேர்டைப் பெரிதாக்குங்கள்.

அழகாபுரம்: இதை ஒத்துக்க முடியாது. எங்க ஆபீஸ்ல மறைச்சுத்தான் வச்சிருக்கோம். இருக்கறதே தெரியாத வீட்டுக்குத் திருடன் எப்படி வருவான்?

இருப்பது தெரியும் என்பதுதான் விஷயம். பெயர் மட்டும் காலியாக, சிக்னல் அப்படியே வந்துகொண்டிருக்கும். போனில் ஏதாவது வைஃபை அனலைசர் செயலி போட்டுப் பாருங்கள்.

ஜங்ஷன்: நான் இப்பவே பாத்தேன். பேர் இல்லாம மூணு தெரியுது.

அழகாபுரம்: சரி, பலன் இல்லைன்னே வச்சுக்குவோம். நஷ்டம் என்ன?

நஷ்டம் உண்டு, அதனால்தான் இவ்வளவு எழுதுகிறேன். மறைத்த நெட்வொர்க்கைச் சேமித்து வைத்த போன், அது பக்கத்தில் இருக்கிறதா என்று பெயர் சொல்லிக் கூப்பிட்டுத்தான் தேட முடியும். வீட்டில் மட்டுமல்ல, ஐந்து ரோட்டிலும் பஸ்ஸிலும் கூப்பிடும். கேட்பவன் அதே பெயரில் ஒரு போலி வைஃபை வைத்து உங்கள் போனை ஏமாற்றப் பார்க்கலாம். இன்னொன்று, இப்போதைய போன்கள் ஒவ்வொரு வைஃபைக்கும் வேறொரு மேக் எண்ணைத் தாமே உருவாக்குகின்றன. அசல் எண்ணை ஃபில்டரில் போட்டால் உங்கள் சொந்தப் போனே சேராது. ஆபீஸில் செய்கிறார்கள் என்பது காரணம் ஆகாது.

ஃபேர்லேண்ட்ஸ்: அப்போ டபிள்யூபிஎஸ் பட்டனும் வேண்டாமா? அது பாஸ்வேர்ட் அடிக்காம சேர வசதியா இருக்கே.

பட்டனோடு சேர்ந்து பின் (PIN) என்ற ரகசிய எண் முறையும் வரும், தொல்லை அதில்தான். எட்டு இலக்க எண்ணில் பத்து கோடி வாய்ப்பு என்று நினைப்போம். ஆனால் முதல் நான்கு சரியா தப்பா என்று ரூட்டர் தனியாகவே காட்டிக்கொடுத்துவிடும். கடைசி இலக்கம் சரிபார்க்க மட்டும். ஆக, 10,000 முயற்சி முதல் பாதிக்கு, 1,000 அடுத்த பாதிக்கு. மொத்தம் 11,000. 2011-லேயே இது வெளியே வந்துவிட்டது. அணையுங்கள். மறைப்பது பற்றி இனி பதில் எழுத மாட்டேன், மற்றவர்கள் காத்திருக்கிறார்கள்.

ஓமலூர்: புது ரூட்டர் வாங்கியிருக்கேன், என்ன செய்யணும்?

அஸ்தம்பட்டிக்குச் சொன்னதைப் படியுங்கள்.

ஆத்தூர்: நெட் மெதுவா இருந்தா ரீசெட் பண்ணலாமா?

குண்டூசியைக் கீழே வையுங்கள். சுவிட்சை அணைத்து ஒரு நிமிடம் கழித்துப் போட்டால் போதும். ஃபைபர் சிக்னல் வரவில்லை என்று காட்டும் எல்ஓஎஸ் விளக்கு சிவப்பாக எரிந்தால் கோளாறு ஃபைபரில், லைன்மேனைக் கூப்பிடுங்கள்.

கொண்டலாம்பட்டி: பக்கத்து வீட்டுக்காரங்க எங்க வைஃபைய எடுக்கறாங்களோன்னு சந்தேகம். எப்படிப் பாக்கறது?

செட்டிங்ஸில் இணைந்த கருவிகளின் பட்டியல் இருக்கும். உங்களுடையவற்றை ஒவ்வொன்றாக அணைத்து எண்ணுங்கள். மிச்சம் இருந்தால் பாஸ்வேர்டை மாற்றுங்கள், சண்டைக்குப் போக வேண்டாம். அட்மின் பாஸ்வேர்டும், ஆமாம்.

நாகலூர்: எஸ்டேட் பக்கம் சித்திரை மாச இடிமழையில ரெண்டு தடவை ரூட்டர் போச்சு ஐயா. ஃபைபர்ல கரண்ட் வராதுன்னு சொன்னாங்களே?

கண்ணாடி இழையில் வராது, உண்மை. ஆனால் கம்பத்திலிருந்து வீட்டுக்கு வரும் ஒயரில் இழுவை தாங்க எஃகுக் கம்பி இருந்தால், அது கடத்தும். அதை வீட்டுக்கு வெளியே, கொக்கியோடு நிறுத்தச் சொல்லுங்கள், ரூட்டர்வரை வரக்கூடாது. பெரும்பாலும் இடி நுழைவது அடாப்டர் வழியாக அல்லது ஒரு கட்டடத்திலிருந்து இன்னொன்றுக்கு வெளியில் இழுத்த லேன் கேபிள் வழியாக. நீங்கள் பங்களாவிலிருந்து காப்பி களத்து ஷெட்டுக்கு அப்படி இழுத்திருந்தால், அந்தத் துண்டை எஃகு இல்லாத ஃபைபராக மாற்றிவிடுங்கள், இரண்டு முனையிலும் ஃபைபரை லேன் கேபிளோடு இணைக்கும் மீடியா கன்வெர்ட்டர் வைத்து. மழை கட்டும்போதே அடாப்டரைப் பிடுங்கி, லேன் கேபிளையும் கழற்றிவிடுங்கள். மினி யூபிஎஸ் கரண்ட் போனால் உதவும், இடியைத் தடுக்காது. வாங்கும்போது வோல்ட் அடாப்டரில் இருப்பதோடு ஒத்திருக்க வேண்டும், ஆம்பியர் குறையக் கூடாது.

அம்மாபேட்டை: பழைய ரூட்டரை விக்கப் போறேன். ஏதாவது அழிக்கணுமா?

இப்போது குண்டூசி எடுக்கலாம். ரூட்டர் ஆனில் இருக்கும்போது பத்து நொடிக்கு மேல், விளக்கெல்லாம் ஒருமுறை அணைந்து எரியும்வரை அழுத்திப் பிடியுங்கள். கம்பெனி கொடுத்த ரூட்டராக இருந்தால் விற்காதீர்கள், அது திருப்பித் தர வேண்டியதா என்று முதலில் கேளுங்கள்.