ஆறு தன்னைத்தானே சரிசெய்துகொள்ளுமா?

புவியியல் ஆசிரியர் ஒருவரிடம் வேலூர்ப் பக்கத்து வாசகர்கள் கேட்டவையும், அவர் சொன்ன பதில்களும்.

சார், நேர்மறை, எதிர்மறைப் பின்னூட்டம் இரண்டையும் நம்ம ஊர் உதாரணத்தோடு சொல்லுங்களேன். (பிளஸ் ஒன் மாணவி, குடியாத்தம்)

ஒரு விளைவு திரும்பிவந்து தன் காரணத்தையே மாற்றுவதுதான் பின்னூட்டம். கத்திரி வெயிலிலேயே இரண்டும் இருக்கும்மா. மண்ணில் ஈரம் இருக்கும்வரை வெயிலின் ஒரு பங்கு அதை ஆவியாக்கவே செலவாகும். ஈரம் குறையக் குறைய அந்தப் பங்கும் சேர்ந்து தரையையும் காற்றையும் சூடாக்கும். அந்தச் சூட்டில் மிச்ச ஈரமும் போகும். விளைவே காரணத்தை வளர்ப்பதால் இது நேர்மறை. அதே சூட்டில், காற்றில் ஈரப்பதம் இருந்தால், அது மேலெழும்பி இடிமேகம் கட்டும். சாயங்காலம் புழுதிக்காற்று, அப்புறம் மழை, தரை குளிர்ந்துவிடும். விளைவு காரணத்தை அடக்குவதால் இது எதிர்மறை.

ராத்திரியிலும் மலைப்பாறை அனல் அடிக்கிறதே, அதுவும் பின்னூட்டமா? (சத்துவாச்சாரி)

இல்லை. பகலில் வாங்கிய சூட்டைப் பாறை மெதுவாக வெளியே விடுகிறது, அவ்வளவுதான்.

மணல் எடுத்த பள்ளம் வெள்ளம் வந்தால் தானாகத் தூர்ந்துவிடும் என்கிறார்களே, ஐயா? (பள்ளிகொண்டா)

தூரும், உண்மைதான். அந்த மணல் எங்கிருந்து வருகிறது என்று பாருங்கள். பள்ளத்தின் மேல்விளிம்பில் தண்ணீர் செங்குத்தாக விழுந்து விளிம்பை அரிக்கும்; அரிக்க அரிக்க அந்த விளிம்பு ஆறு வரும் திசையில் நகரும். மேலே உள்ள ஊரில் படுகை இறங்கும், பாலத் தூண்களின் அடி வெளியே தெரியும். சரிவு சீரானதும் அரிப்பு அடங்கும். இது எதிர்மறைப் பின்னூட்டமேதான். ஆற்றுக்குச் சமநிலை வந்துவிட்டது, ஆனால் முன்பைவிடத் தாழ்ந்த மட்டத்தில். 'இயற்கை பார்த்துக்கொள்ளும்' என்பவர்கள் இதைக் கவனிப்பதே இல்லை, எனக்கு அதுதான் வருத்தம்.

பாலாற்றில் வருடத்தின் பெரும்பகுதி தண்ணீர் மணலுக்குள்தான் இருக்கிறது. ஒரு கன மீட்டர் மணலின் இடுக்குகளில் 300 லிட்டர் வரை நிற்கும்; இரண்டு மூன்று அடிக்குக் கீழே போனதை வெயில் அதிகம் தொடாது. படுகை தாழ்ந்தால் கரையோரக் கிணற்று நீர் ஆற்றுப் பக்கம் வடிந்துவிடும். கிணறு வற்றினால் நீங்கள் போர் போடுவீர்கள். உங்கள் போரால் நீர்மட்டம் இறங்க, பக்கத்து நிலத்துக்காரர் இன்னும் ஆழமாகப் போடுவார். இந்தச் சுற்றுக்குத் தானாக நிற்கத் தெரியாது. தண்ணீரே இல்லாத பாறை வரும்வரை போகும்.

2021 நவம்பரில் அவ்வளவு வெள்ளம் போனதே. தடுப்பணை கட்டினால் போதாதா, சார்? (விவசாயி, விரிஞ்சிபுரம்)

தடுப்பணை வேகத்தைக் குறைக்கும், தண்ணீர் கீழே இறங்க நேரம் கிடைக்கும். அந்த அளவில் நல்லதுதான். ஆனால் தேங்கிய நீரில் வண்டல் படியும். மணல்மேல் விரற்கடை களி ஏறினாலே தண்ணீர் இறங்குவது வெகுவாகக் குறைந்துவிடும். கோடையில் படுகை காய்ந்து களி பாளம் பாளமாக வெடிக்கும்போது அதை மட்டும் வழித்தெடுங்கள். அடியில் இருக்கும் மணலில் ஒரு கூடைகூட வெளியே போகக்கூடாது.