நீராவிப் போர்க்கப்பலில் பாய்லர் அறை மாலுமிகளுக்குக் கரி அள்ளிப் போடுவது மட்டும்தான் வேலையா?

இல்லை. 1938இல் நம் சிங்கப்பூரின் செம்பவாங் கடற்படைத் தளத்தில் 'ஆறாம் ஜார்ஜ் மன்னர்' என்று பெயரிட்ட உலர்துறை (தண்ணீரை வெளியேற்றிக் கப்பலைப் பழுதுபார்க்கும் இடம்) திறக்கப்பட்ட காலத்திலேயே பிரிட்டிஷ் போர்க்கப்பல்கள் எண்ணெய்க்கு மாறிவிட்டன. 1941 டிசம்பரில் அங்கே வந்த பிரின்ஸ் ஆஃப் வேல்ஸ் போர்க்கப்பலும் எண்ணெய் எரித்து ஓடியதுதான். ஆனாலும் 'ஸ்டோக்கர்' (அடுப்பில் கரி போடுபவர்) என்ற கரிக்காலப் பெயர் போகவில்லை.

எண்ணெய் வந்ததும் முதுகு தப்பித்தது, கண்ணுக்கு வேலை கூடியது. தண்ணீர் மட்டம் காட்டும் கண்ணாடிக் குழாயை ஒருவர் பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும். மட்டம் இறங்கினால் பாய்லர் குழாய்கள் காய்ந்து வெடிக்கும். ஏறினால் நீராவியோடு தண்ணீரும் போய் கப்பலை ஓட்டும் டர்பைனைக் கெடுக்கும். புகையும் கவனம்: கறுப்பாக வந்தால் காற்று போதவில்லை, வெள்ளையாக வந்தால் அதிகம். கரும்புகை எதிரிக்குக் கொடி காட்டுவது மாதிரி!

எனக்கு வியப்பு தருவது கதவுதான். பல கப்பல்களில் விசிறிகள் அறைக்குள் காற்றை அழுத்தி நிரப்பும். அதனால் நுழைய இரண்டு கதவுகள். ஒன்றை மூடிவிட்டுத்தான் மற்றதைத் திறக்கலாம். இரண்டும் திறந்துவிட்டால் அழுத்தம் சட்டென்று இறங்கி, அடுப்புத் தீ ஆட்கள் மேல் பாயும்.

அப்புறம், கப்பல் கரைக்கு வந்து அடுப்பு ஆறினால் உள்ளே படிந்த புகைக்கரியைச் சுரண்ட வேண்டும். தளத்தில் கூலிவேலை பார்த்த என் தாத்தா அதைச் செய்திருக்கிறார். வெளியே வரும்போது பல் மட்டும்தான் வெள்ளையாம்.