அந்தி நேரப் படத்தில் நாய்ஸ்: புது கேமரா வாங்கத்தான் வேண்டுமா?

கேள்வி: என்னிடம் கேனான் 1500டி கேமராவும், அதோடு வந்த 18-55 லென்ஸும் இருக்கின்றன. அடிக்கடி கன்னியாகுமரி போய், சூரியன் மறைந்த பிறகு கரையிலிருந்து விவேகானந்தர் பாறையையும் வள்ளுவர் சிலையையும் எடுக்கிறேன். ட்ரைபாட் உண்டு. ஐஎஸ்ஓ 1600, அப்பர்ச்சர் எஃப் 16, ஷட்டர் 15 விநாடி. கடல் பஞ்சுபோல அழகாக வருகிறது. ஆனால் வானமும் பாறையும் மணல் தூவினாற்போல் புள்ளி புள்ளியாக, நாய்ஸோடு இருக்கின்றன. கடையில் கேட்டால், ‘ஃபுல் ஃப்ரேம் போயிடுங்க சார், நாய்ஸே இருக்காது’ என்கிறார்கள். லட்சத்துக்கு மேல் ஆகிறது. கூடவே ஒரு என்.டி. ஃபில்டரும் எடுத்து வைத்திருக்கிறார்கள். வாங்கலாமா? (நாகர்கோவில் வாசகர்)

பதில்: இப்போதைக்கு இரண்டுமே வேண்டாம்.

கடைக்காரர் சொன்னது முழுப் பொய் இல்லை. ஃபுல் ஃப்ரேம் கேமராவின் சென்சார், அதாவது ஒளியைப் பதியும் சில்லு, 36 × 24 மில்லிமீட்டர். உங்கள் கேமராவில் இருப்பது 22.3 × 14.9. பரப்பளவில் சுமார் 2.6 மடங்கு வித்தியாசம். அதே செட்டிங்கில் எடுத்தால் அவ்வளவு அதிக ஒளி அதில் விழும், நாய்ஸ் குறையும். ஆனால் நீங்கள் எழுதியிருக்கும் செட்டிங்கை ஒரு தடவை பாருங்கள். எஃப் எண் குறையக் குறைய லென்ஸின் வாய் அகலும்; எஃப் 16-ஐ எஃப் 5.6 ஆக்கினால் எட்டு மடங்கு ஒளி உள்ளே வரும். 15 விநாடியை 30 ஆக்கினால் இன்னும் இரண்டு மடங்கு. மொத்தம் 16 மடங்கு. அப்படியென்றால், பதிந்த ஒளியைப் பெருக்கிக் காட்டும் ஐஎஸ்ஓவை 1600-இலிருந்து நேராக 100-க்கு இறக்கலாம், படத்தின் வெளிச்சம் துளியும் மாறாது. சென்சாரில் விழும் ஒளி கூடக்கூட, நாய்ஸ் அதன் வர்க்கமூலக் கணக்கில் குறையும். 16 மடங்கு ஒளிக்கு நாய்ஸ் சுமார் நாலில் ஒரு பங்காகும். லட்ச ரூபாய் கொடுத்து 2.6 மடங்கு வாங்குவதற்கு முன்னால், சும்மா கிடைக்கும் 16 மடங்கை எடுத்துக்கொள்ளுங்கள்.

எஃப் 5.6 வைத்தால் பின்னணி மங்கிவிடுமே என்று தோன்றலாம். 18 மில்லிமீட்டரில், எஃப் 5.6-இல், மூன்று மீட்டருக்குச் சற்று அப்பால் ஃபோகஸ் வைத்தாலே கிட்டத்தட்ட ஒன்றரை மீட்டரிலிருந்து அடிவானம் வரை தெளிவாக இருக்கும். 55-இல் வைத்துச் சிலையை மட்டும் எடுக்கும்போது எல்லாமே தூரத்தில்தான் இருக்கிறது, கவலையில்லை. எஃப் 16-இல் ஒளி விளிம்பில் வளைவதால் படத்தின் கூர்மையும் கொஞ்சம் போகிறது. இரண்டு பக்கமும் நஷ்டம்.

அடுத்தது, படத்தை இருட்டாக எடுத்துவிட்டு வீட்டில் கம்ப்யூட்டரில் வெளிச்சம் ஏற்றும் பழக்கம். நிழல் பகுதியை ஏற்றும்போது அங்கே ஒளிந்திருந்த நாய்ஸும் சேர்ந்தே ஏறும். பாறை புள்ளியாகத் தெரிவதற்கு இதுவும் ஒரு காரணமாக இருக்கலாம். கேமரா திரையில் இருட்டு இடப்பக்கமும் வெளிச்சம் வலப்பக்கமுமாகக் காட்டும் ஹிஸ்டோகிராம் வரைபடத்தைப் பார்த்து, வெள்ளை எரிந்துபோகாத அளவுக்கு அதை வலதுபக்கம் தள்ளி எடுங்கள். சிலைக்கு விளக்கு போட்ட பிறகு விளக்கு எரியும் இடத்துக்கு ஒன்று, பாறைக்கு ஒன்று என இரண்டு படம் எடுத்துச் சேர்ப்பதே வழி. எல்லாம் ரா ஃபைலில், அதாவது கேமரா மெருகேற்றாமல் சென்சார் பதிந்தபடியே சேமிக்கும் ஃபைலில். கேமரா மெனுவில் இருக்கும் ‘ஹை ஐஎஸ்ஓ நாய்ஸ் ரிடக்‌ஷன்’ ஜேபெக் படத்தைத்தான் மாற்றும், ரா ஃபைலில் கை வைக்காது.

அதே மெனுவில் ‘லாங் எக்ஸ்போஷர் நாய்ஸ் ரிடக்‌ஷன்’ என்று இன்னொன்று இருக்கும். ஆன் செய்தால், 30 விநாடி படம் எடுத்ததும் ஷட்டரை மூடிக்கொண்டு இன்னொரு 30 விநாடி வெறும் இருட்டை எடுக்கும். அந்த இருட்டில் தானாக மின்னும் பிக்சல்களை முதல் படத்திலிருந்து கழித்துவிடும். நல்ல வசதிதான். ஆனால் நம் ஊருக்கு ஒரு சிக்கல் உண்டு. கன்னியாகுமரி எட்டு டிகிரி அட்சரேகையில் இருப்பதால் சூரியன் செங்குத்தாக இறங்கும். மறைந்த பிறகு நல்ல அந்தி வெளிச்சம் இருபத்திரண்டு நிமிடம் போல இருந்தால் அதிகம். லண்டனில் ஜூன் மாதம் அதுவே முக்கால் மணி நேரம். அங்கே உட்கார்ந்து எழுதுகிறவர் ‘எப்போதும் ஆன் செய்து வையுங்கள்’ என்று சொல்லலாம். நமக்கு இருக்கிற கொஞ்ச நேரத்தில் பாதியைக் கேமரா இருட்டுக்குள் செலவழிக்கும். ஆகவே ஆஃப் செய்துவிட்டு, கடைசிப் படம் எடுத்த கையோடு லென்ஸ் மூடியைப் போட்டு, அதே ஐஎஸ்ஓ, அதே 30 விநாடியில் இரண்டு மூன்று இருட்டுப் படம் எடுத்துக்கொள்ளுங்கள். ரா தெரபி என்ற இலவச மென்பொருளில் அவற்றைக் கொடுத்துக் கழிக்கலாம். ஒன்று தெரிந்துகொள்ளுங்கள்: இது தனித்தனியாக மின்னும் பிக்சலைப் போக்கும். மணல் தூவின மாதிரியான நாய்ஸைப் போக்காது. அதற்கு ஒளிதான் மருந்து.

சூட்டையும் கணக்கில் எடுக்க வேண்டும். சென்சார் ஆறேழு டிகிரி சூடேறினால், இருட்டில் தானாகக் கசியும் மின்னோட்டம் சுமார் இரண்டு மடங்காகும். பத்து டிகிரி குளிரில் எடுப்பவருக்கும் முப்பது டிகிரி புழுக்கத்தில் எடுப்பவருக்கும் இதில் தோராயமாக எட்டு மடங்கு வித்தியாசம். பின்திரையில் காட்சியைக் காட்டும் லைவ் வியூவை ஃபோகஸ் செய்யும் நேரத்துக்கு மட்டும் போடுங்கள், அப்புறம் அணைத்துவிடுங்கள். பகலில் பூட்டிய காருக்குள் கேமராவை வைக்காதீர்கள். அதற்காக லாட்ஜ் ஏசி அறையிலிருந்து நேராகக் கடற்கரைக்கும் கொண்டுபோகாதீர்கள், லென்ஸில் ஈரம் படிந்துவிடும். பையை மூடியபடியே அரை மணி நேரம் முன்னதாக வெளியே வைத்தால் போதும்.

என்.டி. ஃபில்டர் ஒளியைக் குறைப்பதற்கு. பட்டப்பகலில் அலையைப் பஞ்சாக்க அது வேண்டும். இருட்டிக்கொண்டு வரும்போது, ஒளி போதவில்லை என்று அழுகிறவருக்கு அதை விற்பது என்ன வியாபாரமோ!

பணம் செலவழித்தே ஆக வேண்டுமென்றால் ட்ரைபாடில் போடுங்கள். 30 விநாடி ஷட்டரைத் திறக்கப் போகிறீர்கள், கன்னியாகுமரிக் காற்று சும்மா இருக்காது. வாங்கும்போது கடையிலேயே முழுக்க விரித்து, கேமராவை மாட்டி, மேலே லேசாகத் தட்டிப் பாருங்கள். ஆட்டம் உடனே அடங்க வேண்டும். நடுத்தண்டை உயர்த்தித்தான் உயரம் கிடைக்கிறது என்றால் வேண்டாம். அடியில் பை மாட்டக் கொக்கி இருந்தால் நல்லது. ரிமோட் இல்லாவிட்டால் 2 விநாடி டைமரே போதும். லென்ஸில் கை ஆட்டத்தைச் சரிக்கட்டும் ஸ்டெபிலைசர் இருந்தால் ட்ரைபாடில் அதை அணைத்துவிடுங்கள்.

இதற்குப் பிறகும் திருப்தி இல்லையென்றால், ஒரே கோணத்தில் நான்கு படம் தொடர்ச்சியாக எடுத்துச் சராசரி செய்யுங்கள். நாய்ஸ் பாதியாகும். 16 படம் என்றால் கால்வாசி. கடல் எப்படியும் பஞ்சாகத்தான் வரப்போகிறது, அதனால் அலை மாறுவது தெரியாது. படகு குறுக்கே போனால்தான் தொல்லை.

கேள்வி: புதிதாக வாங்கிய கேமராவில் 30 விநாடி படம் எடுத்தால் சிவப்பு, நீல நிறத்தில் ஊசி முனை அளவு புள்ளிகள் தெரிகின்றன. ஒவ்வொரு படத்திலும் அதே இடத்தில். ‘எல்லாக் கேமராவும் அப்படித்தான்’ என்று கடையில் திருப்பி அனுப்பிவிட்டார்கள். ஏமாந்துவிட்டேனா? (தூத்துக்குடி வாசகி)

பதில்: வீட்டிலேயே ஒரு சோதனை செய்யுங்கள். லென்ஸ் மூடியைப் போட்டு, ஐஎஸ்ஓ 100-இல், 1/100 விநாடியில் ஒரு படம், 30 விநாடியில் ஒரு படம். புள்ளிகள் 30 விநாடியில் மட்டும் தெரிந்தால் அது ஹாட் பிக்சல், அதாவது ஷட்டர் நீண்ட நேரம் திறந்திருக்கும்போது தானாக மின்னும் பிக்சல். கடைக்காரர் சொன்னது சரி, அதற்காகக் கேமராவை மாற்றித் தரமாட்டார்கள். 1/100 விநாடியிலும் அதே இடத்தில் தெரிந்தால் அந்தப் பிக்சல் பழுது. இரண்டு படத்தையும் பென்டிரைவில் போட்டு, பில்லோடு கம்பெனியின் சர்வீஸ் சென்டருக்கே போங்கள். அந்தப் பிக்சலை ஒதுக்கிவிட்டுப் பக்கத்துப் பிக்சலை வைத்து நிரப்பும் வேலையை மென்பொருளாலேயே செய்துவிடுவார்கள். சில கேமராக்களில் ‘பிக்சல் மேப்பிங்’ என்று மெனுவிலேயே இருக்கும், முதலில் அதைப் பாருங்கள்.

பெட்டியையும் ஒரு தடவை திருப்பிப் பாருங்கள். இறக்குமதிப் பொருளின் பெட்டியில் இறக்குமதியாளரின் பெயர், முகவரி, எம்ஆர்பி அச்சாகியிருக்க வேண்டும். அது இல்லாமல், ஜிஎஸ்டி பில்லும் இல்லாமல் விலை குறைத்துக் கொடுத்திருந்தால் கம்பெனியின் இந்திய விற்பனை வழியாக வராத கிரே மார்க்கெட் சரக்காக இருக்கலாம். இந்திய வாரன்டி கிடைப்பது கஷ்டம். எல்லாம் சரியாக இருந்தும் வாரன்டியை மறுத்தால் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் புகார் செய்யுங்கள். அதிலும் தீராவிட்டால் உங்கள் மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்குப் போகலாம். வாங்கிய ஊரில்தான் வழக்குப் போட வேண்டும் என்றில்லை. 5 லட்சம் ரூபாய் வரை மதிப்புள்ள பொருளுக்குக் கட்டணம் கிடையாது, இரண்டு வருடத்துக்குள் போட வேண்டும்.

கேள்வி: நாய்ஸ் நீக்கும் ஏஐ மென்பொருளுக்குச் சந்தா கட்டலாமா? (மதுரை வாசகர்)

பதில்: வேலை செய்கிறது, சந்தேகமில்லை. லைட்ரூமில் 2023-இல் வந்த டீநாய்ஸும் சரி, டிஎக்ஸ்ஓ ப்யூர்ராவும் சரி, ரா ஃபைல் கொடுத்தால் நன்றாகவே சுத்தம் செய்கின்றன. ஜேபெக்காக மட்டும் படங்களை வைத்திருப்பவர் அவசரப்பட்டுப் பணம் கட்ட வேண்டாம்.

சோதனைப் பதிப்பை இறக்கி, உங்களிடம் இருப்பதிலேயே மோசமான படத்தைக் கொடுங்கள். கம்பெனி காட்டும் மாதிரிப் படம் உதவாது. பாறையின் சொரசொரப்பு மெழுகு பூசினாற்போல ஆகிறதா, தூரத்து விளக்குகளைச் சுற்றி விசித்திரமான கோடு வருகிறதா என்று நூறு சதவீதம் பெரிதாக்கிப் பாருங்கள். லேப்டாப்பில் தனி கிராஃபிக்ஸ் கார்டு இல்லையென்றால் ஒரு படத்துக்கே பல நிமிடம் ஆகலாம், அதையும் அப்போதே தெரிந்துகொள்ளலாம். கட்டணப் பக்கத்தில் ‘மாதம் இவ்வளவு’ என்று பெரிதாகப் போட்டிருப்பது சில சமயம் வருட ஒப்பந்தத்தின் மாதத் தவணையாக இருக்கும். நடுவில் நிறுத்தினால் அபராதம் கேட்பார்கள். சோதனைக் காலம் முடிந்ததும் கார்டிலிருந்து தானாகப் பணம் போகும், அதற்கு முந்தின நாளுக்கு அலாரம் வைத்துவிடுங்கள்.

மாதத்துக்கு நாலைந்து படம்தான் என்றால் டார்க்டேபிள் என்ற மென்பொருள் போதும். இலவசம். கேமரா மாடலுக்கு ஏற்ப நாய்ஸைக் குறைக்கும் வசதியும், ஹாட் பிக்சலை நீக்கும் வசதியும் அதிலேயே இருக்கின்றன. பழக ஒரு வாரம் படுத்தும்.