வாஸிலேட் என்றால் தயங்குவதா?

கேள்வி: எங்கள் அலுவலகத்துக்கு எந்த சப்ளையர் என்று நான்தான் முடிவு செய்ய வேண்டும். திங்களன்று பழையவர் என்றேன், புதனன்று புதியவர் என்றேன், வெள்ளியன்று மறுபடி பழையவர். மேலாளர் ‘ப்ளீஸ் ஸ்டாப் வாஸிலேட்டிங்’ என்று மெயில் அனுப்பினார். தாமதத்துக்கு மன்னிப்புக் கேட்டுப் பதில் போட்டேன். சரிதானே?

பதில்: பாதிதான் சரி. அவர் குறை சொன்னது தாமதத்தை அல்ல, நீங்கள் மாற்றி மாற்றிச் சொன்னதை.

வாஸிலேட் லத்தீனிலிருந்து வந்த சொல். அங்கே அதற்குத் தள்ளாடுவது, இப்படியும் அப்படியும் ஆடுவது என்று பொருள். நாம் ‘மனசு ஊசலாடுது’ என்கிறோமே, கிட்டத்தட்ட அதேதான். ஊசல் என்றால் ஊஞ்சல். தயங்குவதற்கு ஹெசிடேட் என்று தனிச் சொல் இருக்கிறது.

ஓட்டலில் உட்கார்ந்து, என்ன வேண்டும் என்று சொல்லாமல் மெனு கார்டையே பார்த்துக்கொண்டிருந்தால் ஹெசிடேட். ‘ஒரு பூரி... வேண்டாம், மசால் தோசை... இல்லண்ணே, பூரியே கொண்டு வாங்க’ என்று சர்வர் இரண்டு முறை அடித்து எழுதும்படி செய்தால் அது வாஸிலேட். (நான் இரண்டாவது ரகம். போன வாரம்கூட, பூரி வந்த பிறகு பக்கத்து மேசைத் தோசையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன்.)

எழுதும்போது ஒரு சி, இரண்டு எல். சொல்லும்போது அந்த சி-க்கு ‘ஸி’ ஓசைதான். வாக்ஸின் நினைவில் ‘வாக்ஸிலேட்’ என்பவர்கள் நிறைய. வாக்ஸின், பசுவைக் குறிக்கும் லத்தீன் சொல்லிலிருந்து வந்தது. 1796-ல் ஜென்னர் என்ற ஆங்கிலேய மருத்துவர் பசு அம்மையைக் கொண்டு அம்மை குத்திப் பார்த்ததால் வந்த பெயர். இதற்கும் அதற்கும் உறவில்லை.

வாக்கியத்தில் ‘வாஸிலேட் பிட்வீன்’ போட்டு இரண்டு பக்கத்தையும் சொல்லலாம்; ஒரே விஷயம் என்றால் ‘ஆன்’ அல்லது ‘ஓவர்’. ‘ஹி வாஸிலேட்டட் தி டிசிஷன்’ என்பது தப்பு.

சொல்லில் கொஞ்சம் கண்டிப்பும் உண்டு. வாடிக்கையாளரைப் பார்த்து ‘யூ ஆர் வாஸிலேட்டிங்’ என்று எழுதிவிடாதீர்கள், கோபம் வரும். உங்களைப் பற்றியே சொல்வதென்றால் ‘ஐ ஆம் இன் டூ மைண்ட்ஸ்’ இதமாக இருக்கும். பேச்சில், முடிவெடுக்காமல் தடுமாறுவதைச் சொல்ல டிதர் என்ற சொல் போதும்.

மேலாளருக்கு இன்னொரு மெயில் போடுங்கள். மன்னிப்பெல்லாம் வேண்டாம், எந்த சப்ளையர் என்று ஒரே பெயரை எழுதி அனுப்புங்கள்.