ஈ.எஸ்.ஆருக்கு 14 பக்கமா, ஒரு பக்கமா?

கேள்வி: ஈரோட்டில் ஒரு மருத்துவமனை ஆய்வகத்தில் மூத்த டெக்னீஷியனாக இருக்கிறேன். ஆய்வகங்களின் தரத்துக்குச் சான்றளிக்கும் என்.ஏ.பி.எல். அங்கீகாரத்துக்காக எஸ்.ஓ.பி. (பரிசோதனையை எப்படிச் செய்வது என்று சொல்லும் செயல்முறை ஆவணம்) எழுதும் பொறுப்பு என்னிடம் வந்திருக்கிறது. ஈ.எஸ்.ஆர். (குழாயில் சிவப்பணுக்கள் கீழே இறங்கும் வேகம்) பரிசோதனைக்கு மட்டும் 14 பக்கங்கள் ஆகிவிட்டன. எங்கள் நோய்க்குறியியல் மருத்துவர் ஒரு பக்கம் போதும் என்கிறார். ஆலோசகரோ இன்னும் விவரம் வேண்டும் என்கிறார். புதிதாகச் சேர்ந்தவர்கள் அதைத் திறந்துகூடப் பார்ப்பதில்லை. எவ்வளவு எழுதினால் சரி? (பெயர் வெளியிட விரும்பாத வாசகி)

பதில்: அன்புள்ள சகோதரிக்கு, நீங்கள் இணைத்திருந்த 14 பக்கங்களையும் படித்தேன். முதல் நான்கு பக்கங்களில் சிவப்பணுக்கள் ஏன் காசு அடுக்கியதுபோல் ஒட்டிக்கொண்டு கீழே இறங்குகின்றன, எந்தெந்த நோய்களில் அளவு கூடும் என்பதையெல்லாம் பாடநூல் நடையில் எழுதியிருக்கிறீர்கள். கை கழுவும் முறை அரைப் பக்கத்துக்கு வருகிறது. ஆனால் பரிசோதனையின் உயிர்நிலையான ஒன்பதாம் பக்கத்தில், ‘குழாயை ஸ்டாண்டில் நிறுத்தி ஒரு மணி நேரம் கழித்து அளவைக் குறிக்கவும்’ என்று ஒரே வரியில் கடந்துவிட்டீர்கள். மருத்துவரும் ஆலோசகரும் ஆளுக்கொன்றாகச் சொன்னாலும் இருவர் சொல்வதும் சரியாக இருப்பது இதனால்தான்.

அந்த ஒரு வரிக்குள் எத்தனை விஷயங்கள் ஒளிந்திருக்கின்றன என்று பாருங்கள். ஈ.எஸ்.ஆர். அளக்கும் வெஸ்டர்கிரீன் முறையில் நான்கு பங்கு இரத்தத்துக்கு, அது உறையாமல் தடுக்கும் சோடியம் சிட்ரேட் ஒரு பங்கு என்ற விகிதம் பிசகினால் அளவும் பிசகும். குழாய் செங்குத்தாக நிற்காமல் சில பாகை சாய்ந்தாலே சிவப்பணுக்கள் வேகமாக இறங்கி, இல்லாத நோயை இருப்பதாகக் காட்டும். அதிர்வும் நேரடி வெயிலும் ஆகாது. அறையின் வெப்பநிலை 18 முதல் 25 டிகிரிக்குள் இருக்க வேண்டும், ஏ.சி. ஓடாத அறையில், அதுவும் ஈரோட்டு மே மாதத்தில், இது தானாக அமையாது என்பதை உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. நான் வேலைக்குச் சேர்ந்த புதிதில் எங்கள் ஆய்வகத்து ஈ.எஸ்.ஆர். ஸ்டாண்டு, வேகமாகச் சுழன்று மேசையை அதிரவைக்கும் சென்ட்ரிஃபியூஜ் இருந்த மேசையிலேயே இருந்தது. காலைப் பணியில் இருந்த அக்கா மட்டும் அதைத் தினமும் தூக்கி ஜன்னலுக்கு எதிர்ப்புற அலமாரியில் வைப்பார். அவர் விடுப்பில் போன வாரத்தில்தான், அந்தப் பழக்கம் அவருடைய தலைக்குள் மட்டுமே இருந்தது, எந்தத் தாளிலும் இல்லை என்பது எங்களுக்குத் தெரிந்தது.

ஆகவே, ஒவ்வொரு படியையும் எழுதும்போது, ‘இதை ஒருவர் வேறு விதமாகச் செய்தால் முடிவு மாறுமா, அல்லது யாருக்காவது ஆபத்து நேருமா?’ என்று கேட்டுக்கொள்ளுங்கள். மாறும் என்றால் தயங்காமல் விரிவாக எழுதுங்கள். மாறாது என்றால் அரை வரி போதும், பல இடங்களில் அதுவும் வேண்டாம். கிருமிகளை நிறமேற்றி வகை பிரிக்கும் கிராம் சாயமேற்றலில் கிரிஸ்டல் வயலெட்டுக்கும் அயோடினுக்கும் ஆளுக்கு ஒரு நிமிடம் என்பதற்கு ஒரு வரி போதும், ஏனெனில் பத்து வினாடி கூடினாலும் பெரிதாக ஒன்றும் நேராது. நிறம் நீக்கும் படி அப்படியல்ல: அங்கே சில வினாடிகள் அதிகமானாலே ஊதாவாகத் தெரிய வேண்டிய கிராம் பாசிட்டிவ் கிருமிகூட நெகட்டிவ் போல இளஞ்சிவப்பாகத் தெரியும். அசிட்டோனா, ஆல்கஹாலா, இரண்டும் கலந்ததா என்பதையும், ஸ்லைடைச் சாய்த்துப் பிடித்துச் சொட்டுச் சொட்டாக விட்டு, வடியும் நீர்மத்தில் ஊதா நிறம் நின்ற கணத்தில் தண்ணீரில் கழுவ வேண்டும் என்பதையும், பூச்சு தடிமனாக இருந்தால் என்ன செய்வது என்பதையும் ஒரு முழுப் பத்தியில் எழுதினாலும் தகும். வினாடிக் கணக்கை மட்டும் எழுதாமல் கண்ணுக்கு என்ன தெரிய வேண்டும் என்பதையும் எழுதுங்கள்.

சென்ட்ரிஃபியூஜுக்கு ‘3000 ஆர்.பி.எம்., 10 நிமிடம்’ என்று எழுதுவதும் விவரம் போலத் தோன்றும் விவரமின்மைதான். சுழலியின் ஆரம் 10 செ.மீ. என்றால் அந்த வேகத்தில் விசை புவியீர்ப்பைப் போல் சுமார் 1,000 மடங்கு, 16 செ.மீ. என்றால் சுமார் 1,600 மடங்கு. புவியீர்ப்பின் மடங்கான ‘ஜி’ அளவில் எழுதிவிட்டால் நாளைக்கு இயந்திரம் மாறினாலும் ஆவணம் தவறாகாது.

யாருக்காக எழுதுகிறோம் என்பதும் அளவைத் தீர்மானிக்கும். டி.எம்.எல்.டி. (ஆய்வகத் தொழில்நுட்பப் பட்டயம்) முடித்து, உங்கள் ஆய்வகத்துக்குப் புதிதாக வந்து, இரவுப் பணியில் தனியாக நிற்கும் ஒருவரை மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள். அவருக்குப் பிப்பெட் பிடிக்கக் கற்றுத்தர வேண்டாம். உங்கள் இடத்தில் மட்டும் இருக்கும் வழக்கங்களைச் சொல்ல வேண்டும்.

தேவைக்கு மேல் எழுதுவதில் இன்னோர் ஆபத்தும் உண்டு. ‘நீல மைப் பேனாவால் பதிய வேண்டும்’ என்று எழுதியிருக்கிறீர்கள். பதிவேட்டில் ஒரு நாள் கறுப்பு மை இருந்தால், தணிக்கைக்கு வருபவர் உங்கள் சொல்லை வைத்தே உங்களைக் குறை குறிப்பார். வேதிப்பொருளின் தொகுதி (பேட்ச்) எண், விநியோகஸ்தரின் தொலைபேசி எண் போன்று அடிக்கடி மாறுகிறவற்றைத் தனிப் படிவத்துக்குக் கொண்டுபோங்கள். இல்லையேல் மாதந்தோறும் திருத்தமும் கையொப்பமுமாகவே காலம் போகும்.

மருத்துவ ஆய்வகங்களுக்கான ஐ.எஸ்.ஓ. 15189 தரநிலையின் 2022 பதிப்பு பக்க அளவு எதையும் விதிக்கவில்லை. பணி சீராக நடக்கவும் முடிவு நம்பத்தக்கதாக இருக்கவும் எந்த அளவுக்குத் தேவையோ அந்த அளவுக்கு ஆவணப்படுத்தச் சொல்கிறது. பணியாளருக்குப் புரியும் மொழியில் இருக்க வேண்டும் என்றும் சொல்கிறது. கிட்டுடன் வரும் விளக்கத்தாள் போதுமானதாக இருந்தால் அதை அப்படியே நகலெடுக்காமல் சுட்டிக்காட்டலாம். முழு ஆவணம் கைக்கெட்டும் இடத்தில் இருக்கும்வரை, மேசையில் ஒட்ட ஒரு பக்கச் சுருக்க அட்டையும் வைத்துக்கொள்ளலாம். உங்கள் மருத்துவர் கேட்கும் ஒரு பக்கம் இதுதான். அதைத் தமிழில் எழுதுங்கள் என்பது என் யோசனை. ஆவணத்தைத் திருத்தும்போது அட்டையையும் கூடவே திருத்த மறந்துவிடாதீர்கள்.

வரைவு முடிந்ததும் புதிதாகச் சேர்ந்த ஒருவரிடம் அதைக் கொடுத்து, அதை மட்டும் பார்த்துப் பரிசோதனையைச் செய்யச் சொல்லுங்கள். நீங்கள் பக்கத்தில் நின்று வாய் திறக்காமல் இருப்பது கடினம்தான், ஆனாலும் இருங்கள். அவர் எந்த வரியில் தலை நிமிர்ந்து உங்களைப் பார்க்கிறாரோ அங்கே விவரம் போதவில்லை. எந்தப் பக்கத்தைப் படிக்காமலே புரட்டுகிறாரோ அதை நீக்கிவிடலாம். உங்கள் 14 பக்கங்கள் நான்குக்குள் வந்துவிடும் என்று நினைக்கிறேன்.

உங்கள் ஈ.எஸ்.ஆர். ஸ்டாண்டு இப்போது எந்த மேசையில் இருக்கிறது என்பது அந்த 14 பக்கங்களில் எங்கும் இல்லை. சென்ட்ரிஃபியூஜுக்குப் பக்கத்தில் என்றால், எழுத உட்காரும் முன் அதை இடம் மாற்றிவிடுங்கள்.