கேளுங்கள்: கணக்கு யாருடையது?

கே: ஹாம்பர்க்கில் வேலை பார்க்கிறேன். சாட்ஜிபிடியைப் பயன்படுத்தலாம் என்று மேலாளர் மெயில் போட்டுவிட்டார். எங்கள் ஊழியர் குழு, "எங்களைக் கேட்காமல் எப்படி?" என்று மல்லுக்கு நிற்கிறது. யார் சொல்வது சரி? (வாசகி, ஹாம்பர்க்)

ப: முதலில், சாட்ஜிபிடி கணக்கு யாருடையது என்று பாருங்கள். அங்குள்ள ஊழியர் குழு (பெட்ரீப்ஸ்ராட் என்பார்கள்) நம்மூர் யூனியன் மாதிரி இல்லை. ஒரே நிறுவனத்து ஊழியர்கள் ஓட்டுப் போட்டுத் தேர்ந்தெடுப்பது. ஊழியரின் நடத்தையையோ வேலைத்திறனையோ கண்காணிக்கக்கூடிய கருவி எதையும் அதன் சம்மதம் இல்லாமல் கொண்டுவர முடியாது. ஊழியர் குழுக்களுக்கான ஜெர்மன் சட்டத்தின் 87ஆவது பிரிவு அது.

ஆனால் உங்கள் ஊர் தொழிலாளர் நீதிமன்றத்திலேயே 2024 ஜனவரியில் ஒரு குழு தோற்றுப்போனது. அந்த நிறுவனம் எதையும் வாங்கிக் கொடுக்கவில்லை, சொந்தக் கணக்கு திறந்து, காசு கட்ட வேண்டியிருந்தால் அதையும் நீங்களே கட்டி, பிரௌசரில் பயன்படுத்திக்கொள்ளுங்கள் என்று சொல்லிவிட்டது (தாராள மனசுதான்!). யார், எப்போது, எவ்வளவு நேரம் பயன்படுத்தினார் என்ற விவரம் முதலாளி கைக்கே வராதபோது கண்காணிப்பு எங்கே வந்தது என்று கேட்டது நீதிமன்றம். நிறுவனமே கணக்கு வாங்கிக் கொடுத்து, அந்த விவரம் மேலாளர் திரைக்கு வருமானால் உங்கள் குழு சொல்வதுதான் சரி. அப்புறம், ஏஐ பற்றி ஆராய குழு ஒரு நிபுணரை வைத்துக்கொள்ளலாம், செலவு முதலாளியுடையது. 2021இல் வந்த திருத்தம் இது, பலருக்குத் தெரிவதில்லை.

கே: ஊழியர் முகத்தைப் பார்த்து அவர் எரிச்சலில் இருக்கிறாரா என்று சொல்லும் கேமராவை ஐரோப்பாவில் வைக்கலாமா? (வாசகர், கோவை)

ப: கூடாது. ஐரோப்பிய ஒன்றியத்தின் ஏஐ சட்டப்படி 2025 பிப்ரவரி 2 முதல் அங்கே தடை. மருத்துவம், பாதுகாப்புக் காரணங்களுக்கு மட்டும் விலக்கு. மீறினால் 3.5 கோடி யூரோ அல்லது உலகளாவிய விற்றுவரவில் 7 சதவீதம், எது அதிகமோ அதுவரை அபராதம் போகலாம். எரிச்சலா என்று வாயால் கேட்டுக்கொள்ளலாம், அதற்குத் தடையில்லை.

கே: ஜெர்மன் கம்பெனிக்காக சென்னையில் உட்கார்ந்து ஏஐ வைத்து ரெஸ்யூமே வடிகட்டுகிறோம். எங்களுக்கு என்ன? (வாசகர், சோழிங்கநல்லூர்)

ப: உங்களுக்கும்தான். ஏஐ தரும் முடிவு அங்கே பயன்பட்டால் ஐரோப்பாவின் அந்த ஏஐ சட்டம் இங்கேயும் நீளும், ஆள் எடுக்கும் ஏஐ 'அதிக ஆபத்து' வகை வேறு. அந்த வகைக்கான விதிகள் கட்டம் கட்டமாகத்தான் வருகின்றன. இப்போதே ஒன்று செய்யலாம்: மெஷின் கழித்துக்கட்டிய ரெஸ்யூமேக்களை உங்களில் யாராவது திறந்து பார்க்கிறீர்களா?